எந்திரம் சொன்னது ஊருக்குக் கேட்டதா?

எந்திரங்கள் பேசுகின்றன.

நம் காதுக்குக் கேட்காது. ஆனால் இரவும் பகலும் பேசுகின்றன. மேல்நிலைத் தொட்டி, "நிரம்பிவிட்டது" என்று மோட்டாரிடம் சொல்கிறது. மோட்டார் நிற்கிறது. அரிசி ஆலையில் கொதிகலன், "சூடு ஏறிவிட்டது" என்கிறது. அடுப்பு தணிகிறது. துணை மின்நிலையத்தில் உள்ள மீட்டர், "பாரம் அதிகம்" என்று தலைமை நிலையத்துக்குச் சொல்கிறது.

மனிதர்கள் பேச மொழி வேண்டும். மொழிக்கு இலக்கணம் வேண்டும். எந்திரங்களுக்கும் அப்படியே. எந்திரங்களின் பேச்சுக்கு உள்ள இலக்கணத்தை 'புரோட்டோகால்' என்கிறார்கள். தமிழில் 'நெறிமுறை' என்று சொல்கிறோம். அந்த நெறிமுறைப்படி எந்திரத்தைப் பேச வைப்பதற்காக எழுதப்படும் கட்டளைகளுக்கு 'மென்பொருள்' என்று பெயர்.

"இது என்ஜினீயர்கள் சமாசாரம். நமக்கு என்ன?" என்று கேட்கலாம். நமக்கும் உண்டு. அணையில் ஓர் எந்திரம் சொல்லும் எண், ஆற்றங்கரையில் தூங்கும் ஒரு குடும்பத்தின் உயிரைக் காக்கும். அந்த எண் வழியில் தவறினால்? நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

சாத்தனூரில் ஓர் இரவு

திருவண்ணாமலையில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது சாத்தனூர் அணை. தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே கட்டியது. 1958-ஆம் ஆண்டு கட்டி முடித்தார்கள். முழு நீர்மட்டம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. வயலுக்குத் தண்ணீர் தருகிறது. திருவண்ணாமலை நகரத்துக்குக் குடிநீரும் தருகிறது.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்த பிறகும் மழை விடவில்லை. டிசம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையில் இருந்து மண்ணும் பாறையும் சரிந்தன. 7 பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு.

அணைக்கு மேற்கே உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளம் சாத்தனூருக்கு வந்தது. அணை நிரம்பியது. வந்த தண்ணீரைத் திறந்துவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. டிசம்பர் 2-ந் தேதி அதிகாலையில் நொடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் வெளியேறியது.

இது எவ்வளவு? ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று அதிகம். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளை எண்ணிக்கொள்ளுங்கள். நொடிக்கு ஏறக்குறைய 400 லாரித் தண்ணீர்! மேலே இருந்து ஒரு சொட்டும் வராமல் இருந்தால், நிறைந்த அணை 12 மணி நேரத்தில் காலியாகிவிடும். அவ்வளவு வேகம்.

திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கரையோர ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையே முழுகியது.

பிறகு வாதம் தொடங்கியது. "முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்தோம், ஒரு முறை அல்ல, பல முறை கொடுத்தோம்" என்று அரசாங்கம் சொன்னது. "உரிய எச்சரிக்கை இல்லை" என்று எதிர்க்கட்சிகள் சொன்னன. "தூங்கிக்கொண்டிருந்தோம், தண்ணீர் வந்துதான் எழுப்பியது" என்றார்கள் பாதிக்கப்பட்ட மக்கள்.

யார் மீது குற்றம் என்று தீர்ப்புச் சொல்வது நம் நோக்கம் அல்ல. நம் கேள்வி வேறு. ஒரு செய்தி எப்பொழுது முடிகிறது? அனுப்பியவுடனா? போய்ச் சேர்ந்த பிறகா?

இந்தக் கேள்விக்கு எந்திரங்கள் பதில் வைத்திருக்கின்றன. அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முன்பே பேசி வைத்தது

நெறிமுறை என்பது திருவண்ணாமலைக்காரர்களுக்குப் புதிது அல்ல.

கார்த்திகைத் தீபத் திருநாள். மாலை 6 மணி. கோயிலுக்குள் அர்த்தநாரீசுவரர் எழுந்தருளுகிறார். கொடிமரத்தின் அருகே தீபம் ஏற்றுகிறார்கள். அதே வேளையில் 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் மகாதீபம் எரிகிறது.

உச்சியில் காத்திருக்கும் பர்வத ராஜகுலத்தாருக்குக் கோயிலுக்குள் நடப்பது எப்படித் தெரியும்? கீழே இருந்து அடையாளம் கிடைக்கிறது. எது அடையாளம், எப்பொழுது வரும், கண்டவுடன் என்ன செய்ய வேண்டும், எல்லாம் முன்பே முடிவானவை. மேலே தீபம் தெரிந்ததும் கீழே உள்ளவர்களுக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. லட்சக்கணக்கானவர்கள் கண்ணாலேயே பார்த்துக் கைகூப்புகிறார்கள்.

அடையாளம் போயிற்று, பதில் வந்தது. செய்தி முடிந்தது. இதுதான் நெறிமுறை.

கேள்வியும் பதிலும்

எந்திரங்கள் இப்படிப் பேசத் தொடங்கியது எப்பொழுது?

1968-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் கார் செய்யும் ஆலைகளில் சுவர் நிறைய மின் 'ரிலே'க்கள் இருந்தன. காரின் அமைப்பை மாற்றினால் அத்தனை வயர்களையும் பிரித்துக் கட்ட வேண்டும். இதற்கு மாற்றாக, கட்டளையை எழுதி மாற்றக்கூடிய ஒரு பெட்டியைச் செய்தார்கள். அதைச் செய்த கம்பெனியின் பெயர் 'மோடிக்கான்'. இன்று ஆலைகளில் 'பி.எல்.சி.' என்று சொல்வது இந்தப் பெட்டியின் வாரிசைத்தான்.

பெட்டிகள் பெருகின. ஒன்றோடு ஒன்று பேச வேண்டியது வந்தது. 1979-இல் அதே கம்பெனி ஒரு மொழியை உருவாக்கியது. அதன் பெயர் 'மோட்பஸ்'. இன்றும் உலகம் முழுவதும் வழக்கில் இருக்கிறது.

அதன் இலக்கணம் மிக எளிது. ஒருவர் மட்டும் கேள்வி கேட்பார். மற்றவர்கள் பதில் சொல்வார்கள். ஒரே கம்பியில் பல கருவிகள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 1 முதல் 247 வரை எண் கொடுக்கலாம்.

ஓர் அணையில் இது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். தண்ணீரின் உயரத்தை அளக்கும் கருவிக்கு எண் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டு அறைக் கம்ப்யூட்டர் கேட்கிறது:

"5-ஆம் எண்ணே! உன் 10-ஆம் பெட்டியில் என்ன இருக்கிறது? படித்துச் சொல்."

கருவி பதில் சொல்கிறது:

"நான் 5. பெட்டியில் இருப்பது 118."

இதோடு ஒரு சரிபார்ப்பு எண்ணும் போகிறது. அது எதற்கு? செங்கத்தில் லாரியில் மணிலா மூட்டை ஏற்றுகிறார்கள். சீட்டில் 120 என்று எழுதுகிறார்கள். திருவண்ணாமலையில் இறக்கி எண்ணுகிறார்கள். 119 இருந்தால் எங்கோ தவறு என்று தெரிந்துவிடும். அதுபோல வழியில் இடியோ மின்னலோ செய்தியைக் கெடுத்திருந்தால் சரிபார்ப்பு எண் காட்டிக்கொடுத்துவிடும். கெட்டுப்போன செய்தியைக் கருவி ஏற்காது. பதில் வராது. பதில் வராவிட்டால் கம்ப்யூட்டர் மறுபடி கேட்கும். அப்பொழுதும் வராவிட்டால், "5-ஆம் எண் பேசவில்லை" என்று ஆளைக் கூப்பிடும்.

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கருவிகூட இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறது. "அனுப்பிவிட்டேன், என் வேலை முடிந்தது" என்று அது சொல்வது இல்லை.

பெட்டிக்குள் அடங்காத எண்

ஒழுங்கு இருந்தாலும் ஆபத்து இல்லாமல் போகாது. ஒரு கணக்குப் பார்ப்போம்.

மோட்பஸ் மொழியில் ஒரு பெட்டிக்குள் 65,535 வரைதான் எழுத முடியும். அதற்கு மேற்பட்ட எண்ணை இரண்டு பெட்டிகளில் பிரித்து வைப்பார்கள். நெல்லை மூட்டையிலும், மீதியைப் படியிலும் கணக்குச் சொல்வது போல. இங்கே ஒரு 'மூட்டை' என்பது 65,536.

1 லட்சத்து 68 ஆயிரத்தை எழுதிப் பாருங்கள். இரண்டு மூட்டை 1,31,072 ஆகிறது. மீதி 36,928. ஆகவே முதல் பெட்டியில் 2 இருக்கும். இரண்டாம் பெட்டியில் 36,928 இருக்கும்.

மென்பொருள் எழுதியவர் இரண்டாம் பெட்டியை மட்டும் படிக்கச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் என்ன தெரியும்? "36,928 கன அடி" என்று தெரியும்! உண்மையில் போவது ஏறக்குறைய ஐந்து மடங்கு வெள்ளம். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. ஏனென்றால் 36,928 என்பதும் மழைக்காலத்தில் நம்பக்கூடிய எண்தான்.

பெட்டிகளை முன்பின்னாகப் படித்தால் 242 கோடி கன அடி என்று காட்டும். அது நல்லது! முட்டாள்தனமான எண் என்று எவருக்கும் உடனே தெரிந்துவிடும். நம்பும்படியாக இருக்கும் தவறுதான் ஆளைக் கொல்லும்.

சாத்தனூரில் இப்படி நடந்தது என்று நாம் சொல்லவில்லை. ஓர் எண் எப்படித் தவறலாம் என்பதற்கு இது உதாரணம். இதற்கு மருந்து ஒன்றுதான். வெயில் காலத்திலேயே சோதிக்க வேண்டும். சிறிய எண்ணை மட்டும் வைத்துச் சோதித்தால் போதாது. பெருவெள்ளத்தின் எண்ணையும் செயற்கையாக அனுப்பி, திரையில் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடியா, மீட்டரா?

118 என்று கருவி சொன்னது. 118 என்றால் என்ன? அடியா? மீட்டரா? மோட்பஸ் மொழி அதைச் சொல்லாது. எண்ணை மட்டுமே கொண்டுபோகும். அர்த்தத்தை இரு பக்கத்தாரும் தனியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எழுதி வைத்த காகிதம் தொலைந்தால் போயிற்று.

மேதாவிகளுக்கே இதில் சறுக்கியிருக்கிறது. 1999-ஆம் ஆண்டு அமெரிக்காவின் 'நாசா' நிறுவனம் செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பிய விண்கலம் அழிந்துபோனது. காரணம், ஒரு மென்பொருள் பழைய ஆங்கில அளவில் கணக்குக் கொடுத்தது. மற்றொரு மென்பொருள் அதை மெட்ரிக் அளவு என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் பேச்சு நடந்தது. அர்த்தம் மாறிவிட்டது.

இப்பொழுது வந்துள்ள புதிய மொழிகளில் இதற்கு வழி இருக்கிறது. 2008-இல் வெளிவந்த 'ஓ.பி.சி. யு.ஏ.' என்ற நெறிமுறையில் எண்ணோடு பெயர், அளவு, நேரம் மூன்றும் சேர்ந்து போக முடியும். "அணை நீர்மட்டம், 118 அடி, இரவு 2 மணி 45 நிமிடம்" என்று முழு வாக்கியமாகச் சொல்லலாம்.

நேரம் முக்கியம். கம்பி அறுந்துவிட்டால் சில திரைகள் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டு நிற்கும். அது நின்றுபோன கடிகாரம் போன்றது. பார்ப்பவர், "நீர்மட்டம் ஏறவில்லை" என்று நிம்மதியாக இருப்பார். வெளியே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். செய்தி நின்றுவிட்டால் எண் சிவப்பாக மாற வேண்டும். மணி அடிக்க வேண்டும். அப்படி மென்பொருள் எழுதுவது கஷ்டமான வேலை அல்ல. எழுதச் சொல்வதற்கு ஆள் வேண்டும்.

கேட்டால்தான் சொல்வேன்

மோட்பஸில் இன்னொரு குறையும் உண்டு. கருவி தானாகப் பேசாது. கேட்டால்தான் சொல்லும். வெள்ளம் தலைக்கு மேல் போனாலும், கேட்கும் வரை வாயை மூடிக்கொண்டு இருக்கும்.

1993-இல் கனடாவில் 'டி.என்.பி. 3' என்ற மொழி பிறந்தது. மின்நிலையங்களுக்கும் நீர் நிலையங்களுக்கும் ஏற்றது. இதில் கருவிக்கு வாய் உண்டு. எல்லை தாண்டினால் யாரும் கேட்காமலே, "ஆபத்து!" என்று தானே குரல் கொடுக்கலாம். எத்தனை மணிக்கு நடந்தது என்றும் சொல்லும். "செய்தி கிடைத்தது" என்ற பதிலும் அதற்கு வர வேண்டும்.

மனிதர்களிலும் இரண்டு வகை உண்டு அல்லவா? கேட்டால் மட்டும் பதில் சொல்லும் உத்தியோகஸ்தர் ஒரு வகை. ஆபத்து என்றால் நடுராத்திரியில் கதவைத் தட்டுகிறவர் மற்றொரு வகை. ஊருக்கு வேண்டியவர் இரண்டாமவர்தான்.

எட்டு மொழிச் சண்டை

இவ்வளவு மொழிகள் எதற்கு, ஒன்றே போதாதா என்று தோன்றும். உலக நிபுணர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆலைக் கருவிகளுக்கு ஒரே மொழியைத் தேர்ந்தெடுக்கக் கூடினார்கள். ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். ஒவ்வொரு நாட்டுக் கம்பெனியும் தன் மொழியையே பிடித்துக்கொண்டது. கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? 2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்த 'ஐ.இ.சி. 61158' என்ற தர நூலில் 8 மொழிகளும் இடம் பிடித்தன!

பல மொழிகள் இருப்பது தவறு அல்ல. இலக்கணம் வெளியில் கிடைத்தால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். மோட்பஸ் மொழியின் உரிமை 2004-இல் ஒரு பொது அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் இலக்கணப் புத்தகத்தை யாரும் காசு கொடுக்காமல் படிக்கலாம்.

ஆபத்து எங்கே இருக்கிறது? இலக்கணத்தை மூடி வைத்திருக்கும் மொழியில் இருக்கிறது. ஓர் ஊராட்சியோ நகரசபையோ அத்தகைய கருவியை வாங்குகிறது என்று வையுங்கள். பழுதானால் விற்ற கம்பெனியையே கூப்பிட வேண்டும். அவர் சொன்னதுதான் விலை. கம்பெனி மூடிவிட்டால் கருவி ஊமை. மக்கள் வரிப் பணத்தில் வாங்கிய பொருள் பூசணம் பிடித்துக் கிடக்கும்.

திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு லட்சக்கணக்கான மக்கள் வருகிறார்கள். குடிநீர், விளக்கு, சாக்கடை எல்லாவற்றுக்கும் இனி எந்திரங்கள் வரும். செய்யாறு 'சிப்காட்' தொழிற்பேட்டையில் ஆலைகள் வளர்கின்றன. இப்பொழுதே டெண்டரில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: "இலக்கணம் வெளியான மொழியில் பேசும் கருவியே வேண்டும்." இந்த ஒரு வரி நாளைக்குப் பல கோடியை மிச்சப்படுத்தும்.

பூட்டு இல்லாத கதவு

பழைய எந்திர மொழிகளுக்கு ஒரு குணம் உண்டு. "நீ யார்?" என்று கேட்காது. இலக்கணப்படி யார் கட்டளை கொடுத்தாலும் கீழ்ப்படியும். ஆலைக்குள் ஒரே கம்பியில் இருந்த காலத்தில் இது போதுமாக இருந்தது. இப்பொழுது கம்பி இண்டர்நெட்டோடு சேர்ந்துவிட்டது. திறந்த வீட்டில் யார் நுழைந்தால் என்ன என்று இருக்க முடியுமா?

2000-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மரூச்சி என்ற வட்டாரத்தில் ஒரு சம்பவம் நடந்தது. சாக்கடை நீரேற்றும் நிலையங்களை வானொலி அலை மூலம் இயக்கி வந்தார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்த கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் விலகினார். நகரசபையில் வேலை கேட்டார். கிடைக்கவில்லை. கோபத்தில் ஒரு கம்ப்யூட்டரையும் வானொலிக் கருவியையும் வைத்துக்கொண்டு தானே கட்டளை அனுப்பினார். எந்திரங்கள் கீழ்ப்படிந்தன. 8 லட்சம் லிட்டர் சாக்கடை நீர் பூங்காவிலும் ஆற்றிலும் ஓடியது. அவருக்கு 2 ஆண்டுச் சிறை கிடைத்தது. ஆனால் ஓடிய சாக்கடை ஓடியதுதான்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி உக்ரைன் நாட்டில் மின்நிலையக் கம்ப்யூட்டர்களுக்குள் விஷமிகள் புகுந்தார்கள். சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றது. ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கு நேரில் ஓடினார்கள். சுவிட்சைக் கையால் போட்டார்கள். சில மணி நேரத்தில் விளக்கு எரிந்தது.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, பூட்டு வேண்டும். 2018-இல் மோட்பஸ் மொழிக்கும் பூட்டுப் போட்ட புதிய வடிவம் வெளிவந்தது. "நீ யார்? சான்று காட்டு" என்று கேட்டுவிட்டுத்தான் அது பேசும். இரண்டு, கையை மறக்கக்கூடாது. மதகைத் தூக்க மோட்டார் இருக்கட்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இருக்கட்டும். அதுவும் போனால் கையால் சுற்றித் திறக்கத் தெரிந்த ஆள் அணையில் இருக்க வேண்டும்.

கடைசி வீடு

அணையில் கருவி சரியாகப் பேசியது. கட்டுப்பாட்டு அறையில் எண் சரியாகத் தெரிந்தது. மதகு திறந்தது. இனிமேல் செய்தி மனிதர்கள் கைக்கு வருகிறது. இங்கேதான் சங்கிலி அடிக்கடி அறுகிறது.

இதற்கும் ஒரு நெறிமுறை இருக்கிறது. 2004-இல் உருவான 'பொது எச்சரிக்கை நெறிமுறை.' என்ன ஆபத்து, எந்தப் பகுதிக்கு, எவ்வளவு அவசரம், என்ன செய்ய வேண்டும், எப்பொழுது வரை என்று தனித்தனியாகச் சொல்லும். பல மொழிகளில் சொல்லும். இதை வைத்து நம் நாட்டில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 'சி-டாட்' நிறுவனமும் 'சசேத்' என்ற ஏற்பாட்டைச் செய்துள்ளன. 2023-இல் தமிழ்நாட்டில் பலருடைய செல்போன்கள் ஒரே நேரத்தில் பெரிய சத்தத்துடன் அலறியது நினைவிருக்கலாம். அது இந்த ஏற்பாட்டின் ஒரு சோதனைதான்.

நல்ல ஏற்பாடு. ஆனால் போன் அணைந்திருந்தால்? புயலில் டவர் விழுந்திருந்தால்? படிக்கத் தெரியாத பாட்டி தனியாக இருந்தால்? அனுப்பியவருக்கு இது தெரியாது. ஏனென்றால் பாட்டியிடம் இருந்து பதில் வராது.

முன்பு ஊரில் தண்டோரா போட்டார்கள். சாதியின் பேரால் சிலரை மட்டும் பறையடிக்க வைத்த வழக்கம் அது. 2022-இல் அதை நிறுத்தச் சொன்னது தமிழக அரசு. சரியான முடிவு. வண்டியில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கச் சொன்னார்கள். அப்படியானால் அந்த வண்டி நடுராத்திரியிலும் ஓட வேண்டும். ஆற்றங்கரைக் கடைசித் தெருவரை ஓட வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. ஒரு சிறு கருவி செய்வதை அரசாங்கமும் செய்ய வேண்டும் என்பதுதான். அனுப்பிய செய்திக்குப் பதில் வாங்க வேண்டும்.

அணையில் இருந்து கடல் வரை கரையோரத்தில் உள்ள ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். தண்ணீர் திறப்பதற்கு முன் எச்சரிக்கை போகட்டும். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும், "கிடைத்தது, மக்களை மேட்டுக்கு அனுப்புகிறோம்" என்று பதில் சொல்லட்டும். பத்து நிமிடத்தில் பதில் வராத கிராமத்தின் பெயர் கலெக்டர் அலுவலகத் திரையில் சிவப்பாக எரியட்டும். உடனே போலீஸ் வயர்லெஸ் பேசட்டும். அதுவும் கிடைக்காவிட்டால் ஆள் போகட்டும்.

பதில் வந்த நேரம் அத்தனையும் தானாகப் பதிவாகும். பிறகு, "சொன்னோம்", "சொல்லவில்லை" என்று வாதாட வேண்டியது இல்லை. பதிவைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழை வருமுன், ஒத்திகை நடக்க வேண்டும். நீர்மட்டக் கருவியில் தொடங்கி, கடைசி வீட்டில் முடிய வேண்டும். அந்த வீட்டுப் பாட்டி, "கேட்டது அப்பா" என்று சொன்னால்தான் ஒத்திகை தேறியதாக அர்த்தம்.

இந்த வேலைக்கு ஆட்கள் வேண்டும். வெளிநாட்டில் தேட வேண்டாம். தமிழ்நாட்டில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதிய தொழில்நுட்ப மையங்களாக உயர்த்தும் வேலை தொடங்கியது. எந்திரங்களின் மொழி அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு ஆக வேண்டும். பெற்றோர்களும் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டர் வேலை என்றால் சென்னையில் கண்ணாடி மாளிகையில்தான் என்று இல்லை. அணையிலும், அரிசி ஆலையிலும், மின்நிலையத்திலும் அந்த வேலை இருக்கிறது. சொந்த ஊரிலேயே இருந்து, சொந்த ஊரைக் காக்கும் வேலை அது.

தென்பெண்ணையில் வெள்ளம் இனியும் வரும். மழையை நிறுத்த யாராலும் முடியாது. ஆனால் வெள்ளம் வருவதற்கு முன் செய்தி வர வேண்டும். செய்தி வந்தது என்ற பதிலும் திரும்பிப் போக வேண்டும். பதில் வராத வரை, எச்சரிக்கை கொடுத்தோம் என்று எந்த இலாகாவும் ஏட்டில் எழுதக்கூடாது.